சகோதரியின் சந்தா

பட்டிப்பொலயிலிருந்து ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளை பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம. இலங்கையின் மிக உயரமான அந்தப் புகையிரத நிலையத்தில் தாய் அவள் கையில் வைக்கும் பணம், கொழுந்து பறித்த கூலி.

அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. 1981இல் ஆரம்பமான மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கலாம். ஆயினும் சாப்பாடு, புத்தகம், பயணம் என்று செலவு உண்டு. அதற்காக மாலையில் சிறுவருக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்கிறாள். இந்நிலையில் தோழியர் தங்கள் மாணவியர் சங்கத்துக்கு அழைக்கின்றனர். சந்தா உண்டு, வாரந்தோறும் கூட்டம் உண்டு. அவள் சேரலாமா?

சேரலாம். வீட்டைப் பிரிந்த பிள்ளைக்குக் கூடப்பிறவாத சகோதரிகள் தேவை. 1563இல் உரோமையில் இயேசு சபைக் கல்லூரி மாணவருக்காக ஜான் லியூனிஸ் மரியன்னை சபையை நிறுவினார். வகுப்பு முடிந்த பின்பே அவர்கள் கூடினர். பக்தியோடு படிப்பிலும் முன்னேறுவதே நோக்கம். ஆகவே, விரிவுரையைக் கைவிட்டுச் செய்யும் சங்கப்பணி புண்ணியமாகாது.

ஆனால், அளவறிந்து நடக்கும் பாரத்தை ஏழைப் பிள்ளைமேல் மட்டும் சுமத்துவது நீதியா? ‘இம்மாதம் பணமில்லை, நாளை பரீட்சை’ என்று அவள் கூச்சமின்றிச் சொல்லக்கூடிய இடமே சகோதரிகளின் சங்கம். அப்படிச் சொல்ல அஞ்சி, தாயிடம் பொய்க்காரணம் கூறி அவள் பணம் கேட்பாளேயாகில், அந்தப் பாவத்தில் வசதியுள்ள சகோதரிகளுக்கும் பங்குண்டு.

பெற்றோரே, விடுமுறைக்கு வரும் மகளிடம் பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் விசாரிக்காதீர்கள். அவள் பக்கத்தில் அமரும் தோழி சந்தாவை எப்படிக் கட்டுகிறாள் என்றும் கேளுங்கள்.