நெல் சுமந்த நஞ்சு

புலால் மறுத்து உண்ணும் இல்லறத்தார், தம் உணவால் நேரும் துன்பம் ஓரறிவுயிரோடு நின்றுவிட்டது என்னும் ஆறுதலோடு இலையின் முன் அமர்கின்றனர். அந்த ஓரறிவுயிரே மனிதர் மண்ணில் சேர்த்த நஞ்சை உறிஞ்சித் தன் மணியில் ஏற்றி நம் இலைக்கு அனுப்புமாயின், அத்தீவினை யாருடையது? அந்நஞ்சை அகற்ற அதே பயிரைக் கருவியாக்குதல் அறமாகுமா? இவை வெறும் தருக்கத்துக்காக எழுப்பிய வினாக்கள் அல்ல. ஜப்பான் நாட்டில் இவ்விரண்டும் நெல்லைக் கொண்டே நிகழ்ந்துள்ளன.

அந்நாட்டின் கிபு மாகாணத்துக் காமியோகா சுரங்கத்தில் துத்தநாகமும் ஈயமும் எடுக்கப்பட்டன. துத்தநாகத் தாதுவோடு கலந்தே கிடைப்பது காட்மியம் என்னும் உலோகம். அது கழிவோடு ஜின்சு ஆற்றில் சேர்ந்தது. அவ்வாறோ கீழே தொயாமா மாகாணத்து நெல்வயல்களுக்குப் பாய்வது. பல ஆண்டுகள் அந்நீரைப் பருகி, அவ்வரிசியை உண்டோருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. எலும்புகள் வலுவிழந்து சிறு அசைவிலும் முறிந்தன. பிள்ளை பெற்று நடுவயது கடந்த பெண்களே பெரிதும் வருந்தினர். "வலிக்கிறது, வலிக்கிறது" என அவர்கள் அரற்றிய 'இதாய்-இதாய்' என்னும் சொல்லே நோய்க்குப் பெயராயிற்று. 1968-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜப்பானிய அரசு சுரங்கக் கழிவே இதற்குக் காரணம் என ஏற்றது. 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சுரங்க நிறுவனத்தின் பொறுப்பை உறுதி செய்தது.

நெல் ஏன் அந்நஞ்சை ஏற்றது? வேர் மண்ணிலுள்ள அனைத்தையும் உள்ளே விடுவதில்லை. இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு முதலிய தனக்கு வேண்டியவற்றுக்கென வாயில்களை அது உடையது. காட்மியம் தன்மையால் இவற்றை ஒத்திருத்தலின், நெல்லில் பெரும்பாலும் மாங்கனீசின் வாயில் வழியே நுழைகிறது என்பது 2012-இல் வெளியான ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. உண்போரை நோயுறுத்தும் அளவு ஏறிய பின்னும் பயிர் வாடுவதில்லை; கதிர் நன்கு முற்றித் தலை சாய்கிறது. பரிச உணர்வு ஒன்றே உடைய அவ்வுயிர் தன் இரையைத் தேடியது, அவ்வளவே. அதன் மேல் குற்றம் சாற்ற ஒன்றுமில்லை.

வயலில் நீர் தேங்கி நின்றால் காட்மியம் கந்தகத்தோடு கூடிக் கரையாத பொருளாகி வேருக்கு எட்டாது. நீர் வடிந்தால் மீண்டும் கரைந்து ஏறும். ஆதலின் கதிர் வெளிவரும் பருவத்தில் நீரைக் குறைய விடாது காத்தல் ஒரு தடுப்பு முறையாயிற்று. ஆனால் நீர் தேங்கிய மண்ணிலோ ஆர்செனிக் இளகி நெல்லில் ஏறுகிறது! ஒன்றை அடைக்கும் மடையே மற்றொன்றைத் திறந்து விடுகிறது. உழவன் என் செய்வான்?

ஆற்றில் கழிவைச் சேர விட்டவர் எவரையும் கொல்லக் கருதவில்லை என்பர். அது மெய்யே ஆகலாம். எனவே அது சங்கல்ப ஹிம்சை அன்று. தொழிலில் தவிர்க்க இயலாத ஹிம்சை என்று ஒதுக்கவும் ஒண்ணாது. கழிவைத் தேக்கி நஞ்சு நீக்கிய பின் வெளியேற்றினாலும் சுரங்கம் நடக்கும். மண்ணைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், செடியை ஒடித்தல் ஆகியவற்றைப் பயனின்றிச் செய்வதைப் பிரமாதசரியை என அனர்த்ததண்டத்துள் வைத்தனர் நம் ஆசிரியர்கள். சிறு குற்றம் போலத் தோன்றும் அப்பகுப்பினுள்ளேதான் ஜின்சு ஆறும் அடங்கும் என்பது என் துணிபு.

இனி இரண்டாம் வினா. ஜின்சுக் கரையில் 800 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் நச்சு மண்ணைக் கீழே புதைத்து, மேலே தூய மண்ணைப் பரப்பினர். 1970-களின் இறுதியில் தொடங்கிய அப்பணி 2012-இல்தான் முடிந்தது. வேறு வயல்களில் மற்றொரு வழியும் ஆராயப்பட்டது. காட்மியத்தை மிகுதியாக ஏற்கும் 'சோகோகோகு' என்னும் நெல் வகையை, நீரை வடித்த வயலில் இரண்டு ஆண்டுகள் விளைவித்து, முழுப் பயிரையும் அறுத்து அகற்றினர். மண்ணின் காட்மியம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது என 2009-இல் அறிவித்தனர்.

உண்பதற்கன்றி எரிப்பதற்கென்றே ஒரு பயிரை வளர்ப்பதா என நம் மனம் கூசும். ஆயினும் மண்ணைப் புரட்டிப் புதைக்கையில் பிருதிவிகாயிக உயிர்களோடு, ஈரறிவுடைய மண்புழுக்களும் கணக்கின்றி மாளும். அதனோடு ஒப்பிடின் நெல்லை வளர்த்து அறுப்பது குறைந்த ஹிம்சையே. காலம் இடங்கொடுக்கும் இடத்தில் அதனையே கொள்ளலாம். ஆனால் "பயிர் நமக்குத் தொண்டு செய்கிறது" என்று சிலர் உரைப்பதை ஏற்க இயலவில்லை. தொண்டு என்பது விரும்பிச் செய்வது. எரியூட்டப்படும் அப்பயிரின் துன்பமும், முதலில் நஞ்சைப் பாய விட்டவரின் வினைக் கணக்கிலேயே ஏறும். துப்புரவு செய்தமையால் அக்கணக்கு தீர்ந்துவிடாது.

மூன்றாவது வழி ஒன்றும் வந்துள்ளது. மாங்கனீசு வாயில் பழுதுற்ற, ஆகவே காட்மியத்தை ஏறத்தாழ ஏற்காத கோஷிஹிகாரி நெல் வகையொன்றை ஜப்பானியர் 2012-இல் அறிவித்தனர். அதன் அரிசியை உண்போருக்கு அச்சமில்லை. வயலின் மண்ணிலோ காட்மியம் இருந்தபடியே இருக்கிறது. மண்புழுக்களும் அதனுள்ளேயே வாழ்கின்றன.