கேட்பவனின் கணக்கு

கணக்கு என்றதும் நமக்குக் கடைதான் ஞாபகம் வருகிறது. முதலில் வியாபாரம் வந்தது. அதற்குத் துணையாகக் கணக்குப்பிள்ளை வந்தார். அந்த வழக்கத்தைக் கடன் வாங்கித்தான் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு மார்க்குப் போட ஆரம்பித்தது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் காட்டினார்கள் இரண்டு பிரிட்டிஷ் பேராசிரியர்கள்: கீத் ஹாஸ்கின், ரிச்சர்ட் மாக்வே. கணக்கியலைச் சமூகத்தோடு சேர்த்து ஆராய்வதற்கென்றே 1976இல் ஆன்டனி ஹாப்வுட் தொடங்கிய ஆராய்ச்சி இதழில், 1986இலும் 1988இலும் அவர்களுடைய கட்டுரைகள் வெளிவந்தன. வரவு செலவு எழுதும் பேரேடு மிகப் பழையது. ஆனால் மனிதனுடைய உழைப்பையே எண்ணாக்கி, அந்த எண்ணுக்கு அவனைப் பதில் சொல்ல வைக்கும் நவீனக் கணக்குக்கு விதை பரீட்சையில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

அவர்கள் அழைக்கும் சாட்சி, அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி. 1817 முதல் 1833 வரை அதன் தலைவராக இருந்தவர் சில்வேனஸ் தேயர். மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, அன்றாடம் பாடம் ஒப்பிக்க வைத்தார். ஒப்பித்ததற்கு மார்க்கு, வாரந்தோறும் அறிக்கை, முடிவில் முதல்வனிலிருந்து கடைசி ஆள் வரை ஒரே வரிசை. அங்கே படித்து 1819இல் தேறிய டேனியல் டைலர், 1832இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் போனார். கடிகாரமும் கையுமாக நின்று, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு செய்யலாம் என்று அளந்தார். உருப்படிக்கு இவ்வளவு என்றிருந்த கூலியை அந்த அளவை வைத்துத் திருத்தச் சொன்னார்.

லாபத்தின் நெருக்குதலே இதற்கெல்லாம் காரணம் என்று மறுக்கும் சரித்திர ஆசிரியர்களும் உண்டு. அந்த வழக்கு அவர்களுக்குள் நடக்கட்டும். என் மனத்தை உறுத்துவது வேறு: நேற்று மார்க்கு வாங்கியவன் இன்று மார்க்குப் போடுகிறவனாகிவிட்டான்.

மார்க்கைத் திட்டுவது சுலபம். கதை எழுதுகிறவன் திட்டினால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் மார்க்கு இல்லாத இடத்தில் என்ன இருந்தது? சிபாரிசுக் கடிதம் இருந்தது. குலப் பெருமையும் மாமனார் செல்வாக்கும் இருந்தன. எண்ணுக்கு முகம் தெரியாது. செல்வர் மகனானாலும் குடியானவன் மகனானாலும் அதற்கு ஒன்றுதான். ஏழைக்கு அது பெரிய ஆறுதல்.

அதே குணம்தான் தொழிற்சாலையில் பயமுறுத்துகிறது. கடிகாரம் கையின் வேகத்தைப் பார்த்தது. அந்தக் கைக்கு வயது என்ன, நேற்றிரவு அவன் வீட்டில் யாருக்கு ஜுரம் என்று அது கேட்கவில்லை. முகம் பாராமை ஓரிடத்தில் நீதியாகவும் இன்னோரிடத்தில் கொடுமையாகவும் இருக்குமானால், வித்தியாசம் எங்கே இருக்கிறது?

கேட்கும் உரிமையில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கணக்குக் கேட்பது பாவமல்ல. பொதுப் பணத்தைத் தொடுகிறவனிடம் கேட்காமல் விடுவதே பாவம். ஆனால் எண்ணப்படுகிறவனுக்கும் சில கேள்விகள் உண்டு. எதை எண்ணினாய்? எதை விட்டாய்? யாருக்காக எண்ணினாய்? இவற்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாதவன் போடும் கணக்கு, எத்தனை துல்லியமாக இருந்தாலும் வெறும் அதிகாரம்தான். தமிழில் எண்ணுதல் என்றால் தொகை கூட்டுவது மட்டுமல்ல, சிந்திப்பதும்தான். முதல் வேலையைச் செய்கிறவன் இரண்டாவதையும் செய்யக் கடன்பட்டவன்.

விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு, "ஏன் சார், இதுக்கு நாலு மார்க்குக் குறைச்சிட்டீங்க?" என்று வருகிற பையனை அதட்டி உட்கார வைக்கும் வாத்தியாரும் உண்டு. "கொண்டா, பார்க்கலாம்" என்று மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறவரும் உண்டு. கடைசியில் அந்த நாலு மார்க்குக் கிடைக்காமலே போகலாம். ஆனாலும் இரண்டாவது வாத்தியாரிடம் படித்த பையன் ஒரு நாள் கடிகாரத்தோடு தொழிற்சாலைக்குப் போனால், அங்கே ஒரு தொழிலாளி வாய் திறந்து ஏதோ சொல்ல வரும்போது, கொஞ்சம் நின்று கேட்பான்.