இருட்டறை உழைப்பும் படைப்பாளி என்னும் பெயரும்

நிழற்படக் கண்காட்சியிலே தொங்கும் ஒரு படத்தின் கீழ் ஒரு பெயரே பொறிக்கப்படுவது வழக்கம். அப்பெயர் கமராவின் விசையை அழுத்தியவருக்குரியது. ஆயின் பார்வையாளரின் கண்முன் உள்ளது அவர் ஒளியைப் பதிந்துகொண்ட படச்சுருளன்று. அச்சுருளைக் கழுவி, இருட்டறையில் நின்று இன்னொருவர் உருவாக்கிய அச்சுப்படமாகவே அது பல வேளைகளில் அமைகின்றது. கண்டவர் ஒருவர், காட்டியவர் மற்றொருவர் எனின் அப்படைப்பு யாருடையது? இது கலைக்கோட்பாடு சார்ந்த வினா மட்டுமன்று. உழைப்புக்குரிய மதிப்பை எவ்வாறு பகிர்வது என்னும் அறவியல் வினாவுமாகும்.

பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் (1908–2004) இதற்குத் தக்க எடுத்துக்காட்டாவார். 1947ஆம் ஆண்டிலே மக்னம் என்னும் நிழற்படக் கலைஞர் கூட்டமைப்பைத் தோற்றுவித்தோருள் ஒருவரான அவர், தமது தொழில்வாழ்வின் பெரும்பகுதியிற் படங்களைத் தாமே அச்சிட்டாரல்லர். பியேர் காஸ்மான் 1950ஆம் ஆண்டிற் பாரிஸில் நிறுவிய பிக்டோ என்னும் தொழிற்கூடம் அப்பணியை ஏற்றது. படத்தின் எப்பகுதியும் வெட்டப்படலாகாது என்பது கார்ட்டியே-பிரெசோனின் கொள்கை. கலைஞர் கட்டளையிடுகின்றார், தொழிற்கூடம் நிறைவேற்றுகின்றது. எனவே அச்சிடுபவர் வெறுங் கருவியே எனக் கருதுவாருமுளர்.

இருட்டறையின் தொழிற்பாட்டை நோக்குவோர்க்கு இக்கருத்தின் குறைபாடு புலனாகும். உருப்பெருக்கியின் ஒளி தாளின்மீது சில விநாடிகளே விழுகின்றது. அவ்விநாடிகளுக்குள் முகத்தின்மேல் விழும் ஒளியைக் கையால் மறைத்தால் முகம் வெளிறும். வானத்துக்கு மேலும் சில விநாடி ஒளி அளித்தால் வானம் கருக்கும். எத்தாளைத் தெரிவது, எந்நிழலினுள் விவரத்தைக் காப்பது, எதனை இருளில் ஆழ்த்துவது என ஒவ்வொரு கட்டத்திலும் தீர்மானம் வேண்டும். அமெரிக்கக் கலைஞர் அன்சல் அடம்ஸ் 1941இல் நியூ மெக்சிக்கோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் எடுத்த நிலவெழு காட்சியைப் பல பத்தாண்டுகளாகத் தம் கையாலேயே அச்சிட்டார். காலஞ் செல்லச் செல்ல அப்படத்தின் வானம் கருமை மிகுந்தது. இளமையிற் பியானோ பயின்ற அவர், படச்சுருளை இசைக்குறிப்புக்கும் அச்சுப்படத்தை அதன் வாசிப்புக்கும் ஒப்பிட்டார். வாசிப்பு வேறுபடுமெனின் வாசிப்பவரைக் கருவி எனல் பொருந்தாது.

அவ்வாறாயின் அச்சிடுபவரும் படைப்பாளியே என்று முடிவு கொள்ளலாமா? அதுவும் அவசர முடிவாகும். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்து பிக்டோவிற் பணியாற்றிய வோயா மித்ரோவிச், கார்ட்டியே-பிரெசோனுக்கும் ஜோசப் கூடெல்காவுக்கும் படங்களை அச்சிட்டவர். முன்னவர் மென்மையான சாம்பல் நிறங்களை விரும்பியவர். பின்னவரின் படங்களோ கருமையும் வெண்மையும் மோதுபவை. இருவருக்கும் ஒரே கை உழைத்தது. எனினும் இருவர் பார்வையும் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. தனது விருப்பை அடக்கி, பிறரது நோக்கை அவரினும் நுணுக்கமாக உணர்ந்து நிறைவேற்றுதலே அக்கையின் திறன். இது ஆக்கத்திறனின் இன்மையன்று. பிறர்பொருட்டு அதனை ஆளும் ஒழுக்கமாகும்.

இங்கு இரு வினாக்கள் ஒன்றாக மயங்கிக் கிடக்கின்றன. படைப்பு யாருடையது என்பது ஒன்று. யார் யார் பெயர் கூறப்படல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதற்கு, கண்டு தெரிந்தவருடையது என்னும் விடை பொருந்தலாம். அதனாற் பின்னதற்கும் அதுவே விடையாகிவிடாது. கச்சேரி அறிவித்தலிலே பாடகரின் பெயரோடு மிருதங்கக் கலைஞரின் பெயரும் இடம்பெறுகின்றது. அதனாற் பாட்டு பாடகருடையதன்று என எவரும் கொள்வதில்லை. சிற்பி ரோடனின் வெண்கல உருவங்கள் பலவற்றில் அலெக்சி ரூடியே வார்ப்புக்கூடத்தின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. 1960ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கப்பட்ட டமரிண்ட் கல்லச்சுப் பட்டறையில், ஓவியரின் கையொப்பத்தோடு அச்சாளரின் முத்திரையும் தாளிற் பதிக்கப்படும் மரபு வளர்ந்தது. பெயர் சேர்ந்தமையால் ரோடனின் பெருமை குன்றிற்றில்லை.

அச்சிடுபவர் கூலி பெற்றுவிட்டாரே என்பது எஞ்சும் தடை. கூலி, செலவழிந்த நேரத்துக்கு ஈடாகலாம். தீர்மானித்த அறிவுக்கும் அதுவே முழு ஈடாகுமெனின், சம்பளம் பெறும் ஆசிரியரும் மருத்துவரும் நன்றிக்கு உரியரல்லர் என்றாகிவிடும். மேலும், பெயர் என்பது புகழ் மாத்திரமன்று, பொறுப்புமாகும். போர்க்களப் படமொன்றிற் புகை மிகைப்படுத்தப்பட்டால், ஒருவர் முகம் நிழலில் மறைக்கப்பட்டால், அதற்கு விடைகூற வேண்டியவர் யார்? பெயரற்ற கையிடம் எவரும் வினாவ இயலாது.

இன்று இருட்டறையின் இடத்தைப் பெரும்பாலும் கணினித்திரையும் மைத்தெளிப்பு அச்சுப்பொறியும் கொண்டுள்ளன. கருவி மாறினும் நிறத்தைத் தீர்மானிக்கும் கண்ணும் தாளைத் தெரியும் கையும் தொழிற்கூடங்களில் இன்னும் உள்ளன. படத்தின் கீழ் இரண்டாவது வரியொன்றைச் சேர்த்து, அச்சிட்டவர் இன்னார் எனக் குறிப்பிடுவது கலைஞருக்கு இழப்பன்று. உழைத்தவருக்குச் செலுத்த வேண்டிய கடனே அது.