மீதி மூன்று பேர்

சென்ற நவம்பரில் ஒரு மாலை, மதுராந்தகம் தாண்டி விழுப்புரம் போய்க்கொண்டிருந்தேன். வாடகைக் கார், பக்கத்தில் அப்பா. மழை வலுத்ததும் முன்கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தது. எங்கள் பழைய காராக இருந்தால் கை தானாகப் போய் ஒரு குமிழைத் திருகியிருக்கும். இதில் எல்லாமே தொடுதிரைக்குள். ஏசி படத்தைத் தொட்டு, அடுத்த பக்கம் போய், விசிறியைத் தேடி...

"டேய், முன்னாடி பாருடா!"

பிரேக்கை மிதித்தேன். கார் நின்ற இடத்திலிருந்து ஐந்தாறு அடியில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மழைக்குத் தலையில் உரச்சாக்கு. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மோதியிருந்தால் எஃப்ஐஆரில் என்ன எழுதுவார்கள் என்று தெரியும். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’. நான் போனது 60தான், அதிவேகம் இல்லை. அஜாக்கிரதை உண்மை. ஓரங்கட்டியிருக்கலாம், செய்யவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். விசிறியை இரண்டாம் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தவருக்கு அதில் இடமில்லை.

அவரை எனக்குத் தெரியும். கார்களில் வேலை பார்த்ததில்லை, ஆனாலும் அந்த மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். பொத்தானுக்கு அச்சு வேண்டும், வயர் வேண்டும். திரையில் ஒரு படம் என்றால் செலவு குறைவு, விற்ற பிறகும் மாற்றலாம். யாரும் கெட்டவர்கள் இல்லை. புகார் வந்தால் ‘பயனர் பிழை’ என்று எழுதி மூடுவோம். நானே மூடியிருக்கிறேன்.

‘பழகினால் சரியாகிவிடும்’ என்பது வழக்கமான பதில். 2022இல் ஸ்வீடனின் ‘வி பீலேகரே’ என்ற கார் இதழ் இதைச் சோதித்தது. ஓட்டுநர்களுக்குப் பழக நேரம் கொடுத்துவிட்டு, மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டிக்கொண்டே நான்கு சின்ன வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான்கள் கொண்ட 2005ஆம் ஆண்டு வால்வோவில் 10 விநாடி, அதாவது 306 மீட்டர். புதிய கார்களில் மிக மோசமானதில் 44.9 விநாடி. அதற்குள் கார் 1,372 மீட்டர் போயிருந்தது.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2013இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டுவதோடு சம்பந்தமில்லாத திரை வேலைகளுக்கானது, கட்டாயமில்லை. ஒரு பார்வை சராசரியாக 2 விநாடிக்குள், மொத்தம் 12 விநாடிக்குள் இருக்கவேண்டும். சோதிக்கப்படும் 24 பேரில் 21 பேர் இதற்குள் முடித்தால் தேறியது.

மீதி மூன்று பேரில் அப்பா நிச்சயம் இருப்பார். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எல்லோரும் தேறும் சோதனை என்று ஒன்று இருக்க முடியாது, எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். எங்கள் ஆபீஸில் 95 சதவீதம் பேருக்குப் பக்கம் சீக்கிரம் திறந்தால் கேக் வெட்டுவோம். மீதி ஐந்து பேர் எரிச்சலடைவார்கள், அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது அந்த 2 விநாடி. 60இல் அது 33 மீட்டர். அந்த 33 மீட்டரைக் கண்ணை மூடிக் கடப்பது போலக் கடக்க எனக்கு அனுமதி கொடுப்பது யார்? காரை எடுத்த நான் ஒருவகையில் சம்மதித்தவன். சோதனைக்கு வந்த 24 பேரும் தெரிந்தே வந்தவர்கள். சைக்கிள்காரரை யாரும் கேட்கவில்லை. நான் கவனிப்பேன் என்று நம்பித்தான் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். வடிவமைத்தவர் தாராளமாகச் செலவு செய்தது என் கவனத்தை மட்டுமல்ல.

கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிட்டுக் கிளம்பினோம். திண்டிவனம் வரை அப்பா பேசவில்லை. பிறகு திரையைக் காட்டி, "இதுல ரேடியோ எங்கடா இருக்கு?" என்றார்.

"எதையும் தொடாதீங்கப்பா" என்றேன்.