அணைக்கட்டும் துலாக்கோலும்

வள்ளுவர் நடுவுநிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்து, அதற்குத் துலாக்கோலை உவமையாக்கினார். துலாக்கோலுக்குத் தட்டுகள் இரண்டே. பல்லாயிரவர் வாழ்வைத் தொட்டு நிற்கும் ஒரு பெரும் பொறியியற் படைப்புக்கோ தட்டுகள் பல. அவற்றை எவ்வாறு நிறுப்பது? கேமரன் மலையில், ரிங்லெட் ஏரிக்கரையில் நிற்கும்போதெல்லாம் இவ்வினா என் உள்ளத்தில் எழுகின்றது.

அவ்வேரி இயற்கை தந்ததன்று. பெர்த்தாம் ஆற்றை மறித்து 1963-ஆம் ஆண்டில் நிறைவுற்ற சுல்தான் அபு பக்கார் அணைக்கட்டு ஆக்கித் தந்தது. தெலோம் முதலிய ஆறுகளின் நீரும் மலையைக் குடைந்த சுரங்கங்களின் வழியே வந்து இதில் கலக்கின்றது. பின்னர் அந்நீர் பேராக் மாநிலப் பக்கம் இறங்கி, நிலத்தடியில் அமைந்த 100 மெகாவாட் மின்நிலையத்தை இயக்குகின்றது. பகாங்கின் மழை தொலைவிலுள்ள ஊர்களுக்கு ஒளியாகின்றது.

மின்சாரம் வேண்டுவோர்க்கு ஏரி நிறைந்திருக்க வேண்டும். அணைக்குக் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கோ, பெருமழையை ஏற்க ஏரியில் இடம் இருக்க வேண்டும். மேலே காய்கறி பயிரிடுவோர்க்குச் சரிவு நிலம் வேண்டும். தனித்தனியே நோக்கின் எவர் கோரிக்கையும் அநீதியன்று.

1929-இல் போ தோட்டம் தோன்றியது முதல், காடழித்துத் தேயிலை நட்டவை பெரும்பாலும் நம்மவர் கைகளே. ஆகவே பழியைப் பிறர்மீது மட்டும் சுமத்த நமக்கு உரிமையில்லை. எனினும், வளர்ந்த தேயிலைச் செடி மண்ணைப் போர்த்திக் காக்கும். அடிக்கடி கொத்தி உழப்படும் காய்கறி நிலம் மழையில் கரையும். கரைந்த மண் ஏரியில் படிய, நீருக்குரிய இடம் குறைந்தது. மேட்டில் வாழ்பவரின் உழைப்பு பள்ளத்தில் வாழ்பவரின் ஆபத்தாயிற்று.

2013 அக்டோபர் 23-ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், கனமழையால் நிரம்பிய அணையின் நீர் திறந்துவிடப்பட்டது. பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின, வீடுகள் அழிந்தன. அணை உடைந்தால் பேரழிவு நேரும் என்பது உண்மை. ஆற்றோரத்தில் வீடு கட்டலாகாது என்பதும் உண்மை. ஆனால் வேறிடம் வாங்க வகையற்றவனே ஆற்றோரத்தை நாடுகிறான் என்பது மட்டும் பொய்யா?

எல்லோர்க்கும் சமமாகப் பங்கிடுவதே நடுவுநிலைமை என்று எண்ணுதல் பிழை. குறைந்த மின்சாரத்தை வேறிடத்தில் ஆக்கலாம். அழிந்த பயிருக்கு ஈடு தரலாம். போன உயிருக்கு ஈடில்லை. மீட்க இயலாத இழப்பே முதலில் நிறுக்கப்பட வேண்டும். ஒருமுறை நிறுத்தலும் போதாது. மலைச்சரிவு மாறும்போதெல்லாம் கணக்கும் மாற வேண்டும்.

"அனைவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எதைத்தான் கட்டுவது?" என்பார் உளர். தாமதமும் ஏழைக்கே இழப்பு என்பதை மறுப்பதற்கில்லை. எனவே முடிவெடுப்பவர் முடிவெடுக்கட்டும். ஆனால் யாருடைய இழப்பைத் தாம் தேர்ந்தார் என்பதை அவர்கள் முகம் பார்த்துச் சொல்லட்டும்.

கொழுந்து பறிக்கும் பெண், தன் கூடை நிறுக்கப்படும்போது தராசின் முள்ளை உற்று நோக்கி நிற்பாள். அது ஐயமன்று, அவள் உரிமை. தன் சுமை நிறுக்கப்படுவதைக் காணும் அந்த இடத்தைப் பள்ளத்தாக்கில் வாழ்பவனுக்கும் அளிப்பதே பொறியியலின் அறம்.