வலியும் ஸாதகமும்

"வலிக்கட்டும்டா. வலிச்சாத்தான் வரும்" என்றார் என் குரு. கோவையில் நான் வயலின் கற்ற வருஷங்கள் முழுதும் இந்த வாக்கியத்தை நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் மோசமான மனிதர் அல்ல. அவருடைய குரு அவருக்குச் சொன்னது அது.

அந்த வாக்கியத்தில் பாதி உண்மை. ஆரம்பத்தில் தந்தி விரல் நுனியை அறுக்கும், கொஞ்ச நாளில் தோல் காய்த்துப்போகும், வலி போய்விடும். கருவி கைக்குக் கற்றுத்தருகிற வலி இது. ஆனால் வில் பிடிக்கிற தோளில், மந்தர தந்திக்காக முழங்கை உயரும்போதெல்லாம் இன்னொரு வலி வந்தது. வில்லைக் கீழே வைத்த பிறகும் அது போகவில்லை. ராத்திரி புரண்டு படுத்தால் எழுப்பிவிட்டது. காய்த்துப்போகத் தோளில் என்ன இருக்கிறது? இரண்டு வலியையும் ஸாதகம் என்று ஒரே பெயர் சொல்லி அழைத்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது. ஒழுக்கத் தவறு என்றே சொல்கிறேன். சுருதி இம்மி பிசகினால் முகம் சுளிக்கிறவன் தன் உடம்பு பிசகுவதை மட்டும் கேட்க மறுத்தேன். மறுப்புக்குப் பக்தி என்று பெயர் வைத்தேன்.

மரபு இதைத்தான் கேட்கிறது என்பார்கள். பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் நம்மிடம் வந்த கருவி வயலின். ஐரோப்பாவில் அதைத் தாடையின் கீழ் இடுக்கி வாசித்தார்கள். நாம் அதைத் தரையில் உட்கார வைத்தோம். அதன் தலைப்பகுதியை வலது பாதத்தில் சாய்த்தோம். தாங்குகிற வேலை குறைந்ததால் இடது கைக்குக் கமகம் சுலபமாயிற்று. ஆக, இன்று மரபு என்று நாம் சொல்வதே கையின் சௌகரியத்தை யாரோ கவனித்ததன் விளைவு.

பாப்லோ கஸால்ஸ் (1876-1973) சிறுவயதில் செல்லோ கற்றபோது, வில் பிடிக்கும் கையின் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வாசிக்க வேண்டும். கை விறைப்பாக இருக்க வேண்டுமென்பது விதி. அவர் புத்தகத்தை விட்டார், கையைத் தளர்த்தினார். அவரைப் பற்றிய இன்னொரு செய்திதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. 1901இல் ஸான்ஃபிரான்ஸிஸ்கோவுக்கு அருகே டமால்பைஸ் மலையில் ஒரு பாறை உருண்டு அவருடைய இடது கை விரல்களை நசுக்கியது. அந்தக் கணத்தில் அவருக்கு முதலில் தோன்றியது, இனி செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. பிற்பாடு அவரே சொன்னது இது. விரல்கள் குணமாகி, எத்தனையோ வருஷம் வாசித்தார்.

என் தோளைப் பார்த்த டாக்டர் ஆறு மாதம் வில்லைத் தொடக்கூடாது என்றபோது எனக்கும் அதே நிம்மதி. வெளியே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். வலியைப் பொருட்படுத்தாதது பொய் என்றால், வலியைச் சாக்காகப் பிடித்துக்கொள்வதும் பொய்தானே? எதைச் செய்கிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை. வலிக்கு வெளிச்சாட்சி கிடையாது.

அந்த ஆறு மாதத்தில் ஒரு வேலையாகப் பவானிக்குப் போயிருந்தேன். குழித்தறியில் ஜமக்காளம் நெய்துகொண்டிருந்த பெரியவரிடம், தோள் நோவதில்லையா என்று கேட்டேன்.

"நோவாம இருக்குமுங்களா? நொந்தா எங்கியோ கோணலா உக்காந்திருக்கறமுன்னு அர்த்தம். பலகைய நவுத்திப் பாக்கறது. அப்பறமும் நொந்தா என்னங்க பண்றது, கூலி உடாதுங்களே."

அவருடைய வலியை யாரும் ஸாதகம் என்று சொன்னதில்லை. கோவை மில் தொழிலாளிக்காவது 1948ஆம் வருஷச் சட்டம் தந்த இ.எஸ்.ஐ. சீட்டு உண்டு. அவரைப் போன்றவர்கள் நெய்த ஜமக்காளத்தின் மேல் உட்கார்ந்துதான், யாரும் கட்டாயப்படுத்தாத வலியை நான் மேடையேற்றிக்கொண்டிருந்தேன். நிறுத்த முடிந்தும் நிறுத்தாததைத் தியாகம் என்று சொல்ல, நிறுத்தவே முடியாத அவர் முன்னால் எனக்கு நா எழவில்லை.

இப்போது இருபது நிமிஷம் வாசித்தால் வில்லை வைத்துவிடுகிறேன். மூன்று மணி நேரக் கச்சேரிக்குப் பக்கவாத்தியம் போவதில்லை. இதை வெற்றி என்று சொல்ல மாட்டேன். நீண்ட ஆலாபனையில் பாடுகிறவரின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும் சுகம் போய்விட்டது. அதற்கு ஈடு எதுவும் கிடைக்கவில்லை.

என்னிடம் கற்க வரும் பெண் ஒருத்தி போன மாதம் பாதி வர்ணத்தில் நிறுத்தித் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஆரம்பத்துல அப்படித்தாம்மா இருக்கும்" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று தெரிந்தது. அதற்குள் அவள் மறுபடி வில்லை எடுத்திருந்தாள், என் திருப்திக்காக.

"எங்க வலிக்குது? எப்பருந்து?" என்று கேட்டேன்.

"மூணு மாசமாங்க சார்" என்றாள்.

அந்த மூன்று மாதமும் நான் எதிரே உட்கார்ந்து அவளுடைய சுருதியைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.