கொழுந்து முற்றுவதற்கு முன்னே



"எஸ்.பி.எம். முடியட்டும், அப்புறம் நிம்மதியா இருக்கலாம்." "நல்ல யுனிவர்சிட்டி கிடைக்கட்டும்." "டிகிரி முடிச்சு வேலைக்குப் போயிட்டா போதும்." பொறியியல் படிக்கும் எங்கள் விடுதியில் அன்றாடம் கேட்கிற பேச்சு இது. நம்மில் பலர் மகிழ்ச்சியை வருடா வருடம் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறோம். அதனால் படிப்பும் சுமையாகிவிடுகிறது.

நம் சமயம் என்ன சொல்கிறது? பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் ஐந்து நியமங்களை வரிசையாகத் தருகிறார்: தூய்மை, சந்தோஷம், தவம், சுவாத்தியாயம் என்னும் நூல் ஓதுதல், இறைவனிடம் தன்னை ஒப்படைத்தல். வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். தவத்துக்கும் படிப்புக்கும் முன்னாலேயே சந்தோஷம் வந்துவிடுகிறது! நாம்தான் 'முதலில் கஷ்டப்படு, பிறகு சந்தோஷப்படு' என்று மாற்றி வைத்திருக்கிறோம். திருமூலரும் திருமந்திரத்தில் சொல்லும் பத்து நியமங்களில் சந்தோஷத்தையும் சேர்த்திருக்கிறார். நியமம் என்றால் தினமும் நாமாகக் கடைப்பிடிக்க வேண்டியது. தானாக வரட்டும் என்று காத்திருப்பது நியமம் ஆகாது.

இதைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. அந்த மலைச்சரிவுகளில் நம் தாத்தா பாட்டிகளின் உழைப்பு இருக்கிறது. கொழுந்து பறிப்பவர்களுக்குப் பாடம் ஒன்றுதான்: ரெண்டு இலை, ஒரு மொட்டு. அதை இளசாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் முற்றிப்போகும், நல்ல தேயிலைக்கு ஆகாது. மலை முழுக்கத் துளிர்க்கட்டும், ஒரேயடியாகப் பறித்துக்கொள்ளலாம் என்று எந்தத் தோட்டத்திலும் காத்திருக்க மாட்டார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வருவார்கள். பறிக்கப் பறிக்கத்தான் செடியும் மறுபடி துளிர்க்கும். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் 1 கிலோ தேயிலை.

அன்றாட மகிழ்ச்சியும் இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் கிடைக்கிறது. ரெண்டு நாளாகப் புரியாத கணக்கு திடீரென்று புரிகிற நிமிஷம், கூட்டாளி பங்கு போட்டுத் தருகிற நாசி லெமாக், "சாப்பிட்டியாப்பா?" என்று அம்மா போடுகிற போன். அன்றைக்கே கவனிக்காவிட்டால் இவை கைநழுவிப் போய்விடும்.

"கிடைச்சது போதும்னு சொல்லிச் சொல்லித்தானே நம்ம ஆளுங்களைத் தோட்டத்திலேயே வெச்சிருந்தாங்க?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நியாயமான கேள்வி. பதஞ்சலி சந்தோஷத்தோடு நிறுத்தவில்லையே, அடுத்த சொல்லே தவம்! குறைந்த கூலியை வாய்மூடி ஏற்றுக்கொள்வதற்குச் சந்தோஷம் என்று பெயர் இல்லை. நியாயமான சம்பளம் கேட்பதும், உதவித்தொகைக்கு மனுப் போடுவதும், விடிய விடியப் படிப்பதும் தவம்தான். மனம் நிறைந்தவன் பயமில்லாமல் அந்தத் தவத்தைச் செய்வான்.

அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இருவர் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்கலைக்கழக மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதினார்கள், இன்னொரு பிரிவினர் தொல்லைகளை எழுதினார்கள். பத்து வாரத்தில், நன்றி எழுதியவர்களுக்கே வரும் வாரத்தைப் பற்றிய நம்பிக்கை அதிகம் இருந்தது. உடற்பயிற்சியும் அவர்களே அதிகம் செய்தார்கள்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். இரவு சாமி கும்பிட்டதும், அன்று கிடைத்த மூன்று நல்லதை ஒரு நோட்டில் எழுதுங்கள். 'கடவுள் நல்லவர்' என்று பொதுவாக எழுத வேண்டாம். யார், எங்கே, என்ன என்று எழுதுங்கள். பல நாளாக எழுத ஒன்றுமே தோன்றாமல் மனம் இருண்டு கிடந்தால், தயவுசெய்து மறைக்காதீர்கள். வீட்டாரிடமோ, நம்பிக்கையான அண்ணன் அக்காவிடமோ, பல்கலைக்கழக ஆலோசகரிடமோ பேசுங்கள். உதவி கேட்பது பக்திக் குறைவு இல்லை.

இன்று துளிர்த்த கொழுந்தை இன்றே பறிப்போம். நாளைய தவத்துக்கு அதுவே பலம். எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.